எண்ணெய்த் தலையில் செய்த உடன்படிக்கை

உன் மஞ்சள் பையைத் திறந்ததுமே அறை முழுக்க எண்ணெய் வாசனை. பாட்டிலின் மூடி சரியாகத் திருகப்படாமல் கொஞ்சம் கசிந்து, துண்டில் ஊறி, துண்டுக்குக் கீழே கிடந்த காகிதக்கட்டு வரை இறங்கியிருந்தது. குற்றாலத்தில் உனக்கென்று ஒருவர் தனியாகக் காய்ச்சி எடுத்து வைப்பாரே, மிளகு காரம் மூக்கில் ஏறுகிற அதே எண்ணெய். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. எதையும் முழுதாக மூடாமல் விடுகிற பழக்கத்தை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

இன்று சனிக்கிழமை. நேற்று அண்ணன் போன் செய்தான். பதிமூன்று வருஷத்தில் அவன் நேராக என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. இதுவரை எது சொல்ல வேண்டுமானாலும் அவன் உன்னிடம் சொல்வான், நீ என்னிடம் சொல்வாய். நேற்று இடையில் யாரும் இல்லை. "ஐந்தருவில தண்ணி நல்லா விழுதாம். நாளக்கழிச்சுக் காலைல வந்திரு. உங்கிட்ட நேர்ல ஒண்ணு கேக்கணும்" என்றான். அவ்வளவுதான், வைத்துவிட்டான். முப்பத்தைந்து வருஷம் போலீஸில் இருந்த மனிதனின் வாயில் 'கேக்கணும்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியும். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் என்ன கேட்பான் என்று எனக்கு ஊகம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. உன்னை எரித்தாயிற்று.

எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். என் மகள் என்றாவது இதைப் படித்தால் அவளுக்கும் விளங்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் நாம் எம்.ஃபில் படித்த காலத்தில், ட்யூடர் காலத்து இங்கிலாந்தின் ஒரு மந்திரியை நான் ஆய்வுக்கு எடுத்தேன். அவர் பெயரை நாம் இருவரும் வாயால் சொன்னதே இல்லை. நகல் எடுத்த புத்தகத்தில் அவர் படம் கறுப்பாக விழுந்திருந்தது. முகம் தெரியவில்லை, இரண்டாகப் பிரிந்து தொங்கிய தாடி மட்டும் தெரிந்தது. நீ அவருக்குக் 'கவட்டைத்தாடி' என்று பெயர் வைத்தாய். விடுதியில் எல்லோருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். "கவட்டைத்தாடி எத்தனாவது பக்கத்துல நிக்காரு?" என்று சமையல்காரர்கூடக் கேட்பார்.

சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, படிப்பால் மேலே வந்து, அண்டை நாடுகளுக்குத் தூது போய், அரசனின் செயலாளர் ஆனவர். தலை வெட்டுவதற்குப் பேர்போன அரசன் அவன். அவனுக்குப் பின் அவனுடைய சிறு வயது மகன். அவனுக்குப் பின் மூத்த மகள். அவளுக்குப் பின் இளைய மகள். ஒருவர் காலத்தில் கும்பிட்டதை அடுத்தவர் காலத்தில் கும்பிட்டால் குற்றம். நாலு பேர் காலத்தையும் கவட்டைத்தாடி தாண்டினார். நடுவில் ஒரு தடவை சிறையில் போட்டார்கள். அரசன் கௌரவமாகக் கொடுத்துக் காலில் கட்டியிருந்த வீரப்பட்டையை, நீ பிறப்பில் உயர்ந்தவன் இல்லை என்று சொல்லிப் பறித்தார்கள். மூத்த மகள் பட்டத்துக்கு வந்ததும் அது அவருக்குத் திரும்பக் கிடைத்தது. இளையவள் காலத்தில் ஒதுங்கியிருந்து, யோசனை எழுதி அனுப்பிக்கொண்டு, வயதாகிக் கட்டிலில் செத்தார்.

முதுகெலும்பு இல்லாதவர் என்று நான் முடிவுரை எழுதினேன். பிழை திருத்திக் கொடுத்த நீ, அந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாய். "ஏலே, அவரு கூட வேலை பார்த்தவன்ல எத்தனை பேரு தலையோட செத்தான்? நாலு பேருட்ட வேலை பார்த்துட்டுக் கட்டில்ல கிடந்து சாகணும்னா அது லேசா?"

மூன்றாம் அத்தியாயத்துக்குத்தான் நமக்குள் பெரிய சண்டை. தூதர்கள் எழுதிய கடிதங்கள் பற்றிய அத்தியாயம் அது. தன் அரசன் சொல்லி அனுப்பிய கடுஞ்சொல்லை அங்கே அப்படியே சொன்னால் போர் வரும். அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே அப்படியே எழுதினாலும் போர் வரும். ஆகவே இரண்டு பக்கமும் வார்த்தையைப் பதமாக்கித்தான் கொண்டுபோனார்கள். இது ஏமாற்று என்று நான் எழுதியிருந்தேன். "ஏமாத்து இல்லலே, சமையல். பச்சைக்காயை எவன் திம்பான்? வேவிச்சுத்தான் கொடுக்கணும்" என்றாய். உனக்கு ஆய்வுமுறை தெரியவில்லை என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய். உன் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்காது.

பிறகு இருவரும் ஒரே அரசுத் தேர்வை எழுதினோம். நீ தேறினாய், நான் தேறவில்லை. நீ வருவாய்த் துறைக்குப் போனாய். நான் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்தப் போனேன். வரலாற்றுத் துறையில் ஆள் சேரவில்லை என்று அதையும் ஒருநாள் மூடினார்கள். நான் தேறாத அதே தேர்வுக்குத்தான் இப்போது தென்காசியில் ஒரு மாடியில் பாடம் எடுக்கிறேன். இதில் உன் தப்பு ஏதும் இல்லை. ஆனாலும் உன்மேல் எனக்கு அது ஒரு மனக்குறைதான். உனக்கு அது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து, என் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு, கசக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவாய்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

கல்லூரியில் துறையை மூடியபோது நாங்கள் ஒன்பது பேர் வாசலில் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. வந்தவர்களில் அண்ணனும் ஒருத்தன், சப்-இன்ஸ்பெக்டர். அவன் நேரே என்னிடம் வந்தான். என் மாணவர்கள் சுவர் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, வேனில் தள்ளினான். மேல் பொத்தான் இரண்டு தெறித்து விழுந்தன. மற்ற எட்டுப் பேருக்கும் பிறகு அடி விழுந்தது, எனக்கு மட்டும் விழவில்லை என்று நீ அப்போதே சொன்னாய். அடி வாங்கியிருந்தால் அவர்களோடு ஒருவனாக நின்றிருப்பேன். அண்ணன் தயவில் தப்பியவன் என்று அவர்கள் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

நான் வீட்டுக்கு வந்து மூன்று பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். அண்ணன் பெயரைப் போட்டு, அவன் மேலதிகாரிக்கு. நல்ல தமிழ், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த மனுவால் விசாரணை வந்தது. அவனுக்கு வரவேண்டிய இன்ஸ்பெக்டர் பதவி தள்ளித் தள்ளிப் போய், வராமலே அவன் ஓய்வு பெற்றான்.

பதினோரு வருஷம் நாங்கள் பேசவில்லை. அம்மா காரியத்தில்கூட அவன் தெற்கே பார்த்து உட்கார்ந்தான், நான் வடக்கே பார்த்து உட்கார்ந்தேன்.

நீ மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய்வந்தாய். ஒரு நாள் தென்காசிக் கோயில் கோபுர வாசலில், பொதிகைக் காற்று வேட்டியைப் பிடித்து இழுக்க இழுக்க, நான் அண்ணனைப் பற்றிய என் நியாயத்தை நூறாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ முழுக்கக் கேட்டாய். பிறகு, "நீ சரியாத்தான் இருக்கலே. ஆனா சரியாவே இருக்கவன் பக்கத்துல வந்து யாரு உக்காருவா?" என்றாய். நான் அப்படியே பஸ் ஏறினேன். மூன்று வாரம் உன் போனை எடுக்கவில்லை.

உன் வேலை முறை எனக்கு அலுவலகத்துக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். வரப்புச் சண்டை, பொதுச்சுவர் சண்டை, கோயில் கொடை விழாவில் யாருக்கு முதல் மரியாதை என்கிற சண்டை என்று சமாதானக் கூட்டத்துக்கு வருகிறவர்களை நீ முதலில் மேஜைக்கு எதிரே உட்கார வைக்க மாட்டாயாம். சாரல் காலமாக இருந்தால் இரண்டு தரப்பிலும் ஆளுக்கு ஒருவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போவாயாம். சட்டை, செயின், வாட்ச், போன் எல்லாம் கழற்றி உன் மஞ்சள் பைக்குள். இடுப்பில் ஒரு துண்டு. இருவரையும் எதிரெதிர்ப் பலகையில் உட்கார வைத்து, தலையில் எண்ணெய். "எண்ணெய்த் தலையோட ஒருத்தனும் முறைக்க முடியாது. கண்ணுல வழியும்" என்பாய். இரண்டு ராஜாக்கள் தங்கக் கூடாரம் அடித்துச் சந்தித்ததைக் கவட்டைத்தாடி காலத்துக் கதையாக நான்தான் உனக்குச் சொன்னேன். இருவரும் போட்டி போட்டு உடுத்திக்கொண்டு போய்க் கட்டிப்பிடித்தார்கள், இரண்டு வருஷத்தில் மறுபடி போர். "உடுத்திட்டுப் போனதுதான் தப்பு" என்று நீ அன்றைக்கே சொன்னாய்.

அந்தப் பலகையில் எங்களையும் உட்கார வைத்தாய். இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆடி மாதம். நான் வர ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம், அண்ணன் சொன்னதாக நீ வந்து சொன்ன இரண்டு வரி.

"தம்பி சட்டையைப் பிடிச்ச கையாலதான் தினமும் சோறு திங்கேன். ஒரு நாளும் ருசிச்சதில்ல."

இதை நீ சொன்னபோது நான் கேள்வித்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். அதற்குமேல் என்னிடம் நியாயம் எதுவும் மிஞ்சவில்லை. அந்தத் திமிர் பிடித்தவன் வாயிலிருந்தா இப்படி ஒரு சொல் வந்தது என்று ஆச்சரியப்பட்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வரலாறு படித்தவன், மூலம் எது என்று கேட்டிருக்க வேண்டும்.

அன்று பலகையில் உட்காருமுன் நீ ஒரு நிபந்தனை போட்டாய். "பழசை ரெண்டு பேரும் வாயில எடுக்கக் கூடாது. எடுத்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்." சரி என்றோம். அருவி எப்படி விழுகிறது என்று பேசினோம். அண்ணன் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். திரும்பும்போது மூவரும் ஒரே கடையில் பரோட்டா தின்றோம். அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்குப் போக வர இருந்தோம். குத்துக்கல்வலசையில் அவன் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நான் போனேன். பழசை ஒருவரும் எடுக்கவில்லை. இரண்டு வருஷமும் உன் நிபந்தனை அப்படியே நின்றது.

மாசி மாதத்தில் நீ அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே போய்விட்டாய். கட்டில்கூடக் கிடைக்கவில்லை உனக்கு. பதினாறாம் நாள் முடிந்து உன் மனைவி இந்தப் பையை என்னிடம் கொடுத்தாள். "உங்க புஸ்தகம் போலுக்கு, அண்ணாச்சி. எப்பவும் இதையேதான் வச்சுக் கிறுக்கிட்டு இருப்பாவ" என்றாள்.

வாங்கி வைத்ததை, அண்ணன் போனுக்குப் பிறகு இன்றுதான் திறந்தேன். என் ஆய்வேட்டின் நகல் அது. முப்பது வருஷமாக நீ அதை வைத்திருந்தாய் என்பதே எனக்குத் தெரியாது. மூன்றாம் அத்தியாயத்தின் ஓரங்களில் உன் பென்சில் எழுத்து. முதலில் நான் எழுதியதற்கு மறுப்பு எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஒரு ஓரத்தில், 'தம்பிகிட்ட, அண்ணன் சொன்னது' என்று தலைப்பு. கீழே, 'மன்னிச்சிரு'. அது அடிக்கப்பட்டிருந்தது. 'அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியல'. அதுவும் அடிக்கப்பட்டிருந்தது. அதற்கும் கீழே, அடிக்கப்படாமல், அந்தச் சோறு வரி. பக்கத்தில் சின்னதாக, 'இவன் வாத்தியான். நீளமாச் சொன்னாக் குறை கண்டுபிடிப்பான். ரெண்டு வரி போதும்.'

என்னைப் பேனாவை மூட வைத்த அந்த வரியை நீ என் ஆய்வேட்டின் ஓரத்தில், அடித்துத் திருத்தி, உட்கார்ந்து எழுதியிருக்கிறாய்.

எதிர்ப் பக்கத்தில், 'அண்ணன்கிட்ட, தம்பி சொன்னது' என்று ஒன்று. நான் ஒன்றுமே சொல்லி அனுப்பவில்லை, உனக்கே தெரியும். நான் சொன்னதாக நீ எழுதியது இது: 'வேலை போன கோவத்துக்கு ஒரு ஆளு தேவைப்பட்டுது. வேற யார் மேல எழுதினாலும் என்னை விடமாட்டான். அண்ணன் மேல எழுதினா அண்ணன் பொறுத்துக்கிடுவான்னு எழுதினேன்.' பக்கத்தில், 'மன்னிப்புன்னு ஒரு சொல் வரக்கூடாது. போலீஸ்காரன் சந்தேகப்படுவான்.'

இதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என்னைக் கேட்காமல் என் மானத்தைக் கொண்டுபோய் அவன் காலடியில் வைத்திருக்கிறாய். இரண்டு பேரையும் இரண்டு வருஷம் முட்டாளாக்கியிருக்கிறாய். அதோடு இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சொன்னதாக நீ எழுதியது, நான் எழுதிய மூன்று பக்க மனுவை விட நன்றாக இருக்கிறது. உண்மையாகவும் இருக்கிறது. அதை எனக்கு முன்னால் நீ கண்டுபிடித்திருக்கிறாய். அதுதான் தாங்க முடியவில்லை.

நாளை அவன் கேட்பான். 'அதை நீதான் சொன்னியா?' என்று கேட்பான். எங்கேயோ, யார் மூலமோ அவனுக்குத் தெரிந்துவிட்டது. இல்லாவிட்டால் எதற்கு நேரில் வரச்சொல்கிறான்? இல்லை என்று சொன்னால் நாங்கள் மறுபடி தெற்கும் வடக்கும். ஆவணியில் பண்பொழி மலைக்கோயிலில் அவன் மகள் கல்யாணம். பத்திரிகையில் சித்தப்பா என்று என் பெயரை முதலில் போட்டிருக்கிறான். ஆமாம் என்று சொன்னால், ஏமாற்று என்று வாழ்நாள் முழுக்க நான் உன்மேல் சாட்டிய அதே குற்றத்தை நானே செய்கிறேன். பஸ்ஸில் போகும்போது சொல்லிப் பார்க்க மூன்று வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன். 'அண்ணே, அது நான் சொன்னதில்ல' என்று ஆரம்பிக்கிறது.

சனிக்கிழமை எழுதியதை அப்படியே விட்டுவிட்டேன். இன்று திங்கள்.

ஐந்தருவி வழியெல்லாம் கூட்டம். அண்ணன் முன்னமே வந்து, எண்ணெய்க் கடைப் பலகையில் துண்டோடு உட்கார்ந்து, வாழையிலையில் இட்லி தின்றுகொண்டிருந்தான். ஆறு இட்லி. நான் எண்ணினேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

"சாப்பிட்டியாலே?" என்றான்.

"சாப்பிட்டேன்."

"பொய் சொல்லுத. உதடு காஞ்சு கிடக்கு."

இதற்கே இப்படி என்றால் அதற்கு என்ன ஆகும் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றினேன். உன் பாட்டிலை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் முகர்ந்து பார்த்து, "சார்வாள் எண்ணெயாச்சே" என்றார். பிறகு எங்கள் இருவர் தலையிலும் அரக்கித் தேய்த்தார்.

தேய்த்து முடிக்கும்போது அருவிப் பக்கம் விசில் சத்தம். தண்ணீர் கூடிவிட்டது, குளிக்கத் தடை. எல்லோரும் ஈரத்தோடு ஓடி வந்தார்கள். நாங்கள் எண்ணெய் வழிய வழிய எதிரும் புதிருமாக அந்தப் பலகையில் மாட்டிக்கொண்டோம். நீ ஏற்பாடு செய்தது மாதிரியே இருந்தது.

என் மூன்று வாக்கியத்தில் முதலாவதுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் சொல்ல ஆரம்பித்துவிட்டான். "மாப்பிள்ளை வீட்டுல முறுக்கிட்டு நிக்காவ. பத்திரிகையில மாப்பிள்ளையோட தாய்மாமன் பேரு விட்டுப் போச்சு. அவரு ஊரு கடையத்துல பாதிப் பேருக்குக் கொடுத்தும் முடிச்சாச்சு. அவரு கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு உக்காந்துட்டாரு. தாய்மாமன் இல்லாம மாப்பிள்ளைக்கு மாலை எப்படி ஏறும்? நான் போன்ல பேசினேன். பேசப் பேசப் பெருசாகுது."

"உனக்குத்தான் பேச வராதே."

"எனக்கு விசாரிக்கத்தாம்லே வரும்." சிரித்தான். கண்ணில் எண்ணெய் வழிந்து துடைத்துக்கொண்டான். "உன் சேக்காளி இருந்தா அவனை அனுப்பியிருப்பேன். அவன் இல்ல. நீ போய்ட்டு வா. இதைத்தான் நேர்ல கேக்கணும்னு கூப்பிட்டேன்."

என்னையா, என்றேன். கல்லூரியிலும் சண்டை, குடியிருக்கும் வீட்டுக்காரரோடும் சண்டை, பேசினால் நல்லதும் கெட்டுப்போகும், உனக்கே தெரியாதா என்றேன்.

அவன் சிரிப்பை நிறுத்தினான். "எனக்கு ஒருத்தன் சொல்லி அனுப்பினதுல நெஞ்சு இளகினது ஆயுசுல ஒரே தடவை. அண்ணன் மேல எழுதினா அண்ணன் பொறுத்துக்கிடுவான்னு எழுதினேன், அப்படின்னு சொல்லி விட்டியே. அதைக் கேட்டப்புறம் எனக்கு அந்தப் பதவி போனதெல்லாம் ஒண்ணுமில்லாமப் போச்சு. அப்படிப் பேசத் தெரிஞ்சவன் போனாத்தான் அந்த ஆளு இறங்குவாரு." கொஞ்சம் முன்னால் குனிந்தான். "நீதான சொன்ன?"

நான் பயந்திருந்த கேள்வி. நான் நினைத்த கோபத்தோடு வரவில்லை. சாதாரணமாக, சுண்ணாம்பு இருக்கா என்று கேட்கிற மாதிரி வந்தது.

"ஆமாண்ணே. நான்தான் சொன்னேன்."

உதட்டைப் பார்த்துப் பொய்யைப் பிடித்தவன் இதைப் பிடிக்கவில்லை. அல்லது பிடித்துவிட்டு விட்டான். எனக்கு இன்னும் தெரியவில்லை. அதுதான் இப்போது என் புதுக் கவலை.

அத்தோடு நான் எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. "நீயும்தான் சொல்லி அனுப்புன. உன் கையைப் பத்தி" என்றேன்.

"கையைப் பத்தியா?"

"தம்பி சட்டையைப் பிடிச்ச கையாலதான் தினமும் சோறு திங்கேன். ஒரு நாளும் ருசிச்சதில்லன்னு."

அண்ணன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். எண்ணெய் மினுங்கியது. அருவி இரைச்சலில் யாரோ யாரையோ பெயர் சொல்லித் தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் அந்த வரியை முதல் தடவையாகக் கேட்கிறான் என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. அவன் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கீழுதடு கொஞ்சம் அசைந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் 'ஆமாண்ணே' என்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்தான் இருக்கும்.

"ம். சொன்னேன்" என்றான். "அப்படித்தான் சொன்னேன்."

அந்தக் கையை நீட்டி, என் காதுக்குப் பின்னால் தேய்க்காமல் விட்டுப்போன இடத்தில் எண்ணெயைத் தடவிவிட்டான். சிறு வயதில்கூட அவன் அப்படிச் செய்ததில்லை. தடை நீங்கியதற்கு விசில் ஊதியபோது எழுந்து, கடைத் தொட்டியில் சீயக்காய் போட்டு அலசிக்கொண்டு, அருவியில் போய் நின்றோம். அங்கே எதுவும் பேசமுடியாது. நல்லதாகப் போயிற்று.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப்போவதில்லை. என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒப்பியிருக்க மாட்டேன் என்று நீ சொல்வாய். அதுவும் சரிதான், அதனாலும் எனக்கு உன்மேல் கோபம்தான். முடிவுரையில் 'முதுகெலும்பு இல்லாதவர்' என்று நான் எழுதியதன் பக்கத்தில் நீ ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறாய். முப்பது வருஷம் அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. அந்தச் சொல்லை இன்று நான் பென்சிலால் அடித்தேன். பதிலாக என்ன போடுவது என்று தெரியாமல் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

புதன்கிழமை கடையம் போகிறேன். அந்தத் தாய்மாமனை நான் பார்த்ததே இல்லை. பெரிய விவசாயி, குரல் கனமாக இருக்கும் என்கிறார்கள். நான் போய்ப் பேசி, அது பெருசாகி, ஒரு பெண்ணின் கல்யாணம் என் வாயால் கெட்டால் என்ன செய்வேன்? பென்சிலைச் சீவிக்கொண்டு மூன்றாம் அத்தியாயத்தை எடுத்து வைத்திருக்கிறேன். எண்ணெய் ஊறாத ஓரம் இன்னும் இரண்டு விரல் அகலத்துக்கு இருக்கிறது. 'தாய்மாமன்கிட்ட, அண்ணன் சொன்னது' என்று தலைப்புப் போட்டேன். 'மன்னிக்கணும்' என்று எழுதி, அடித்துவிட்டேன். 'அச்சகத்துல பண்ணின தப்பு' என்று எழுதி, அதையும் அடித்துவிட்டேன். கடைசியாக இது வந்தது: 'பத்திரிகையை வாங்கிட்டு வந்து உங்க பேரைத்தான் முதல்ல தேடினான் எங்க அண்ணன். இல்லைன்னு கண்டதுல இருந்து அவனுக்குச் சோறு இறங்கல.'

ஞாயிற்றுக்கிழமை அவன் ஆறு இட்லி தின்றதை நான் எண்ணிப் பார்த்தவன். வரியை அடிக்கவில்லை.

பாட்டிலில் இன்னும் கால்வாசி எண்ணெய் இருக்கிறது. அதையும் மஞ்சள் பையில் போட்டுக் கடையத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். உன்னை மாதிரி இல்லை, மூடியை இறுகத் திருகியிருக்கிறேன். இருந்தும், இதை எழுதுகிற கை மணக்கிறது.